இரண்டு குழாய், ஒன்றரைக் காது

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஆல்வின் ட்ரான்டரின் காருக்கு வயது ஐம்பத்தெட்டு. அதை வாங்கிய நாளிலிருந்து பதினோரு வருஷமாக அவர் அதோடு மல்லுக்கட்டுகிறார். இரட்டைக் கார்புரேட்டர், இரண்டே இருக்கை, மடக்குகிற கூரை. தெருவில் ராஜா மாதிரி போகும். சிக்னலில் நின்றால் இருமி இருமி உயிரை விடும்.

இன்று பதினொரு மணிக்கு மகள் ரோசலிண்டுக்குக் கல்யாணம். அவளை இதில்தான் சர்ச்சுக்குக் கூட்டிப் போவேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார். பத்தரைக்குள் வண்டி தயாராகாவிட்டால் ஜெரால்டுடைய மின்சாரக் கார் வந்து நிற்கும். ஜெரால்ட் என்பவர் ஆல்வினின் முன்னாள் மனைவி மாரியனின் இந்நாள் கணவர். அவருடைய காரில் சத்தமே வராது. அது போதாதா வயிற்றெரிச்சலுக்கு?

நேற்று வண்டி சுமாராக ஓடியது. அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் பழைய கார் பைத்தியங்களில் எவன் விட்டான்? விடிந்ததும் கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு பானெட்டைத் திறந்துவிட்டார்.

"முதல்ல டைமிங்கைப் பாருய்யா," என்றார் பக்கத்து வீட்டு ஹெட்லி, டீக்கோப்பையோடு. பானெட் திறந்த சத்தம் கேட்டால் அவர் வந்துவிடுவார்.

"பாத்தாச்சு."

பளிச் பளிச்சென்று மின்னும் விளக்கை அடித்து, தீப்பொறியைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பி, சுழலும் சக்கரத்தின் வெள்ளைக் கோட்டைக் குறிக்கு நேரே நிறுத்தியிருந்தார். கண்ணால் செய்கிற வேலையில் ஆல்வினை அடிக்க ஆளில்லை.

அடுத்தது காது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் இரண்டு கார்புரேட்டரும், முன்னதும் பின்னதும், ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு ரப்பர் குழாயை மாற்றி மாற்றி வைத்துச் சீறலைக் கேட்பார்கள். ஆல்வினுக்குச் சொந்தக் கண்டுபிடிப்பு உண்டு: காதுக்கு ஒரு குழாய், ஒரே நேரத்தில் இரண்டும். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்.

"முன்னது மந்தமா இழுக்குது. எப்பவும் இதே சனியன்தான்," என்று அதன் திருகைத் திறந்தார். எஞ்சின் உடனே இருமத் தொடங்கியது.

"அந்த முன்னதைத் தூக்கிப் போடு. வேற வாங்கு," என்றார் ஹெட்லி.

"மூணாவது தடவை மாத்தியாச்சுய்யா!"

பத்து இருபதுக்கு ரோசலிண்ட் வெளியே வந்தாள். கல்யாண கவுனை முழங்கால்வரை தூக்கிப் பிடித்திருந்தாள், காலில் ரப்பர் பூட்ஸ்.

"ஜெரால்டுக்குப் போன் பண்ணவாப்பா?"

பண்ணுவாள். ஆல்வின் பதறிக் குழாய்களை மறுபடி காதில் சொருகினார். முகம் பேயறைந்தது போலானது.

"இப்ப பின்னது மந்தமா இழுக்குதே!"

ரோசலிண்ட் குழாய்களைப் பார்த்தாள். அவசரத்தில் இடம் வலமாக மாற்றிச் சொருகியிருந்தார்; எப்போதும் இடது காதுக்குப் போகும் முன்னதின் குழாய் இப்போது வலது காதில் இருந்தது.

"அப்பா, மந்தம் கார்புரேட்டர் இல்ல. உங்க இடது காது."

ஹெட்லி டீயைத் துப்பினார். முப்பது வருஷம் தொழிற்சாலையில் தகடு அடிக்கிற மெஷின் ஆல்வினின் இடது பக்கம்தான் நின்றது. மூன்று கார்புரேட்டர் மாற்றிய மனுஷன் காதைச் சோதிக்கவில்லை.

ரோசலிண்ட் ஒரே குழாயை எடுத்து, முன்னதையும் பின்னதையும் மாறி மாறிக் கேட்டாள். "முன்னதை மூடுங்க. இன்னும். போதும்." எஞ்சின் இருமலை விட்டது. ஆல்வினுக்கு அழுகையே வந்துவிட்டது.

சர்ச்சுக்கு முந்தின சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. உயிரோடு நின்றது. அவருடைய இடப்பக்க இருக்கையில் ரோசலிண்ட் முக்காட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா!" என்று கத்தினாள். அவர் முழுசாகத் திரும்பினார்.

"அம்மா வீட்டை விட்டுப் போன அந்த வாரம், இதே இடத்துல உக்காந்து ஒண்ணு கேட்டேன். உங்களோடவே இருந்துக்கட்டுமான்னு. நீங்க ரோட்டைப் பாத்துட்டே இருந்தீங்க."

அப்போது அவளுக்குப் பதினாலு வயது. மறுநாள் பெட்டியோடு ஜெரால்ட் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே ஆல்வின் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"இருன்னுதான்மா சொல்லியிருப்பேன்," என்றார். "எனக்குக் கேக்கலடா."

"தெரியுது," என்றாள் அவள், முக்காட்டின் ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வண்டியை எடுங்கப்பா, திட்றாங்க."