நடக்கிற சுமை

காலையில் கண் விழித்தபோது கழுத்து திரும்பவில்லை. கதவைப் பார்க்கக்கூட நுகத்தில் பூட்டிய மாடு மாதிரி உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப முடிந்தது. தோள்பட்டையில் சிமென்ட் தின்ற இடத்தில் தோல் உரிந்து, பனியன் அதிலேயே ஒட்டிக் காய்ந்திருந்தது. தண்ணீர் தொட்டு ஊறவைத்து மெல்லப் பிய்த்தான். ஜெபிக்க முழங்காலிடப் போனால் இடுப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினான். "ஆண்டவரே, இன்னைக்கும் அந்தப் பலகை மேல என் காலை நிக்க வையும். வேற ஒண்ணும் கேக்கல." வேதாகமப் பள்ளியில் அவன் நீண்ட ஜெபத்துக்குப் பேர்போனவன். அவனை ஜெபிக்கக் கூப்பிட்டால் சோறு ஆறிப்போகும் என்று உடன் படித்தவர்கள் கேலி செய்வார்கள்.

மிஷன் அவனை இந்தச் சரக்குக் கிடங்கை ஒட்டிய குடியிருப்புக்கு ஊழியத்துக்கு அனுப்பிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எல்லோருக்கும் அவன் 'பிரதர்'. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மூன்று பேர் வருவார்கள். ஒருவர் மின்விசிறிக்காக வருகிறவர். முதல் பாட்டு முடிவதற்குள் குறட்டை கேட்கும். மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் எழுத ஒன்றுமில்லாத வெட்கம் அவனை அரித்துக்கொண்டிருந்தது. அந்த வெட்கத்தோடு ஒரு நாள் லாரியடியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

ஒட்டகம் என்று கிடங்கே கூப்பிடுகிற மூத்த சுமையாள் ஒருவர் உண்டு. சுமை ஏறியதும் கழுத்தை முன்னால் நீட்டி நடப்பதால் வந்த பெயர். அன்றைக்கு லாரிக்கு ஏறும் பலகையில், பாதி தூரத்தில், அவர் ஒரு நொடி தயங்கினார். இவன் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து மூட்டைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினான். நல்ல மனசோடுதான். ஆனால் தலையில் ஏறிய சுமை, சுமக்கிறவனின் உடம்போடு ஒரே எலும்பாகிவிடும். இன்னொருவன் கை பட்டால் அது இரண்டாகும். பின்பாரம் குறைந்து முன்பாரம் இழுக்க, ஒட்டகம் மூட்டையோடு கீழே விழுந்தார். முட்டி கழன்றது. வேறு யாராவது செய்திருந்தால் தெரியாதவன் என்று விட்டிருப்பார்கள். இவன் அப்பா சுமைதூக்கி, அண்ணன் சுமைதூக்கி. நடக்கிற சுமையைத் தொடாதே என்பது, இவன் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே வீட்டில் கேட்டு வளர்ந்த பாடம்.

"இங்க ஒரு வழக்கம் இருக்கு பிரதர்" என்றார் மேஸ்திரி. "ஒருத்தனை விழவச்சவன், அவன் எந்திரிக்கிற வரைக்கும் அவன் முறையைச் சுமக்கணும். கூலி விழுந்தவன் வீட்டுக்கு. நீங்க சாமி காரியமா வந்த ஆளு. உங்களுக்கு வேண்டாம்."

"அந்த வழக்கம் எனக்கும்தான்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டான்.

மேலிடத்துப் பெரியவர் போனில் கத்தினார். "உம்மை அனுப்பினது ஆத்துமாவைத் தூக்கய்யா, மூட்டையை இல்ல!" இவன், "மூட்டையை இறக்கிட்டு வர்றேன் ஐயா" என்று வைத்துவிட்டான். பலகை ஏறும்போதெல்லாம் ஒன்றுதான் மனதில் ஓடும். அன்றைக்கு நான் ஓடியது அந்த மனுஷனைப் பார்த்தா, இல்லை அறிக்கையில் எழுதப்போகிற முதல் நல்ல செய்தியைப் பார்த்தா? மனுஷனைப் பார்த்திருந்தால் அவர் தயங்கவில்லை, அடுத்த அடிக்கு மூச்சு இழுக்கிறார் என்பது தெரிந்திருக்கும். அப்பாவும் அப்படித்தான் இழுப்பார்.

கழுத்து பிடித்துக்கொண்ட அந்த நாள் மதியம், தலையில் வெறும் சும்மாட்டோடு இறங்கி வந்தபோது பலகையடியில் அண்ணன் நின்றிருந்தான். தோளில் ஒரு பை, கண்ணில் பயணத்தூக்கம்.

"என்னடா வேஷம் இது?"

"அண்ணே, நீ எப்ப வந்தே?"

"அப்பா மூட்டை வேணாம்னு வந்தவன், ஊரான் மூட்டையைத் தூக்கிட்டுத் திரியுற. நம்ம வீட்டுல மூட்டைக்குப் பஞ்சமாடா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் அடுத்துச் சொன்னதில் சிரிப்பு நின்றது.

"அப்பா படுத்துட்டாரு. முதுகு போச்சு. இனிமே சுமக்கவே கூடாதுன்னுட்டாங்க. ஜோடி இல்லாதவனை அங்க வச்சுக்க மாட்டாங்கன்னு உனக்கே தெரியும். மாசக் கடைசிக்குள்ள அப்பா இடத்துல நம்ம ஆளு ஒருத்தன் நிக்கலைன்னா என் இடமும் சேர்ந்து போயிரும். அம்மா ஒண்ணும் சொல்லல. உன் தட்டைக் கழுவி வச்சிருக்கு, அவ்வளவுதான்."

இவன் தலைப்பாரம் இறங்காதவன் போல நின்றான். "வர்றேண்ணே. இப்ப முடியாது."

"ஊருக்கெல்லாம் பிரதர். எனக்குத் தம்பியா இருக்க மட்டும் உனக்கு நேரமில்ல."

அப்போதுதான் நடந்ததைச் சொன்னான். கேட்கக் கேட்க அண்ணனின் கோபம் வேறு திசைக்குத் திரும்பியது.

"நடக்கிற சுமையைத் தொட்டியா? நீயா? அப்பா காதுல விழுந்துச்சு, படுத்த முதுகோட எந்திரிச்சு வந்து அடிப்பாரு. எங்க அந்த ஆளு?"

ஒட்டகம் தன் அறையில் கட்டுப் போட்ட காலைச் சாக்குக் கட்டின் மேல் நீட்டிப் படுத்திருந்தார். அவர் மனைவி சுவரோரம் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் இவன் கொண்டுவரும் கூலியை முகம் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறவள் அவள்.

"வாங்க, வாங்க. பிரதரோட அண்ணனா? உங்க தம்பி ஒரே தள்ளுல என்னைப் பரலோக வாசல் வரைக்கும் கொண்டுபோயிட்டாரு. சிமென்ட் தூசியோட உள்ள விட மாட்டோம்னுட்டாங்க. திரும்பி வந்துட்டேன்."

அண்ணன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றான். பிறகு குரல் இறங்கி, அப்பா விழுந்ததைச் சொன்னான். ஒட்டகம் சாக்குக் கட்டில் கையூன்றி நிமிர்ந்தார்.

"முதுகுன்னா லேசில்ல. போங்க பிரதர். பெத்தவரைப் பாருங்க. நான் விட்டுட்டேன்."

தைத்துக்கொண்டிருந்த ஊசி சாக்கில் பாதி நுழைந்தபடி நின்றது. அவள் தலை நிமிரவில்லை. ஊசியும் நகரவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் கையைப் பிடித்தான். "அவரே விட்டுட்டாருடா. கிளம்பு."

"அவரு விட்டாரு. முட்டி விடலையே. அந்தம்மா கையைப் பார்த்தியா?"

"பார்த்தேன்." அண்ணன் கையை விட்டான். "அப்ப அப்பா?"

ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எத்தனையோ வீட்டில் சுலபமாகச் சொல்லிவிட்டு டீ குடித்து வந்த சொல். விழுங்கினான். தன் தலைச்சுமையைக் கடவுள் தலைக்கு மாற்றிவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடக்கிற சொல் அது. சொல்லியிருந்தால் அண்ணன் அறைந்திருப்பான், அறைந்தாலும் நியாயம்தான்.

"அவரு கால் ஊன்றி நிக்கிற அன்னைக்கு நான் பஸ் ஏறுவேன். அதுக்குள்ள நம்ம இடம் போச்சுன்னா, இன்னொரு இடம் தேடி ரெண்டு பேரும் நிப்போம். மிஷன் என்னை வேணாம்னாலும் சரி. ஊழியத்தை மூட்டையோடவே செஞ்சுக்கிறேன். ஆனா இங்க ஒருத்தரைப் படுக்கப் போட்டுட்டு வந்து அங்க அப்பா முகத்தைப் பார்க்க என்னால முடியாதுண்ணே."

அண்ணன் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.  பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்தான். வியர்வையும் தூசியும் ஏறி, எத்தனை வெளுத்தும் பழுப்புப் போகாத துண்டு. அப்பா சும்மாடு கட்டுகிற துண்டு.

"உனக்குன்னு குடுத்துவிட்டாரு. அங்க வந்து கட்டுவேன்னு நெனச்சு."

இவன் கை நீட்டவில்லை. அண்ணனே துண்டை முறுக்கி, வட்டமாகச் சுற்றி, இவன் தலையில் இருந்ததை எடுத்துவிட்டு வைத்து அமுக்கினான். "உன் சும்மாடு கோணலா இருக்குடா. வந்ததிலேருந்து பார்க்கிறேன். கழுத்து பிடிக்காம என்ன செய்யும்? படிப்பு ஏறுச்சு, இது ஏறல." துண்டின் முனையை உள்ளே செருகினான். "மாசக் கடைசி வரைக்கும் கெஞ்சிப் பார்க்கிறேன். வாக்குக் குடுக்க மாட்டேன்."

டீக்குக்கூட நிற்காமல் நடந்துபோனான். இவனால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை. உடம்போடு திரும்பி, அண்ணன் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் நின்றான்.

"பிரதர், லாரி காத்துக்கிட்டிருக்கு" என்று மேஸ்திரி குரல் கொடுத்தார். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி ஏற்றினார்கள். அப்பாவின் துண்டு அதை அசங்காமல் வாங்கிக்கொண்டது. ஒட்டகம் நின்ற அதே இடத்தில் பலகை ஒருமுறை துள்ளியது. இவனும் அங்கே நின்று மூச்சு இழுத்தான். கீழே நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; யாரும் கை கொடுக்கவில்லை. பலகை அடங்கியதும் அடுத்த அடி வைத்தான். ஒட்டகத்துக்கு ஒரு முட்டி கடன், அது கொஞ்சம் கொஞ்சமாக அடைந்துகொண்டிருக்கிறது. அப்பாவுக்கு ஒரு தோள் கடன். அதில் இன்னும் ஒரு மூட்டைகூட இறங்கவில்லை.