மாத்தாத பாஸ்வேர்டு

மூணு மணிக்கு ஆன்லைன்ல வேலைக்கான தேர்வு. காலையிலயே கரண்டு போச்சு. சாரல் காத்துக்கு எங்கனயோ மரம் சாஞ்சிருக்கும். சாஜிதாவோட லேப்டாப்புல பேட்டரி செத்து வருஷமாச்சு; அப்டேட் பாதியில பொட்டுன்னு அணைஞ்சுட்டு. கரண்டு வந்ததும் திறந்து பாத்தா, கறுப்புத் திரையில நாலு வரி பிழைதான்.

தேர்வு அன்னைக்கு எவளாவது அப்டேட் போடுவாளா? இவ போடுவா. மத்தவங்களுக்கு ரெடியா வாரது இவ சிஸ்டத்துக்கு சோர்ஸா, வெறும் மூல நிரலா வரும். ஒவ்வொண்ணையும் தன் மெஷின்லயே கம்பைல் பண்ணிக் கட்டணும். முதல்லருந்து கட்டுனா நாளைக்குத்தான் முடியும். சென்னைக் கம்பெனிக்காரங்களோ அவ சிஸ்டத்துலயே வேலை செஞ்சு காட்டச் சொல்லியிருக்காங்க. இந்த வேலை கிடைச்சா தென்காசியிலருந்தே பாக்கலாம். இல்லன்னா பெங்களூருல வேலை, ஹாஸ்டல். வாப்பா கத்தாருல, உம்மா இங்கன தனியா.

வழி ஒண்ணு இருந்துச்சு, வேல்விழி. ஆனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க?

கூடப் படிச்சவ. குற்றாலத்துல லாட்ஜ் ரிசப்ஷன்ல நிக்குதவ. ரெண்டு வருஷம் முன்னால, "எனக்கும் இந்த சிஸ்டம் வேணும்ட்டி, உக்காந்து கட்டத்தான் நேரமில்ல"ன்னு வந்தா. சாஜிதா தன் சிஸ்டத்த அப்படியே ஒத்தைக் கோப்பாச் சுருட்டி, இமேஜா எடுத்துக் குடுத்தா. பிரிச்சுப் போட்டா உடனே ஓடும். சும்மா குடுத்தாளா? "மாவு பாக்கெட் வாங்கித் தோசை சுடுதவ"ன்னு வாட்ஸ்அப் குரூப்புல மானத்த வாங்கிட்டா. பாஸ்வேர்டையும் 'சோம்பேறி'ன்னே வச்சா. தனக்குன்னு ஒரு நகல் எடுத்து வைக்கல. அவளுக்கு எதுக்கு, அரைச்சுச் சுடுதவளாச்சே!

வேற வழியில்லாம போன் போட்டா.

"வேலு, அந்த இமேஜ் இருக்காட்டி?"

"பென்டிரைவுல இருக்கு. லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு வா, இங்கன ஜெனரேட்டர் உண்டு."

ஒரு குத்தல் இல்ல. நல்லா ஏசியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

ஸ்கூட்டியில குற்றாலம் போனா, ரோடெல்லாம் சீசன் கூட்டம். உடம்பெல்லாம் எண்ணெயத் தேச்சுக்கிட்டு, துண்டோட நடுரோட்டுலதான் நடப்பேன்னு நிக்காங்க. "அண்ணாச்சி, ஓரமாப் போங்க!"ன்னு கத்திக் கத்தி சாஜிதாவுக்குத் தொண்டை கட்டிட்டு. லாட்ஜுக்குள்ள நுழையும்போது சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தா. லேப்டாப் மட்டும் மூணு பிளாஸ்டிக் பைக்குள்ள பத்திரமா இருந்துச்சு.

வேல்விழி கவுண்டர்ல இடம் ஒதுக்கிக் குடுத்தா. இமேஜ் பிரிஞ்சு ஏறுது. சாஜிதாவுக்குக் கால் ஒரு இடத்துல நிக்கல.

"ரெண்டு வருஷப் பழசு. இப்ப ஒத்துக்கிடுமா?"

"போன மாசம் புதுப்பிச்சதுட்டி. உன் பழைய பிராசஸருக்கு ஏத்த மாதிரியேதான் கட்டி வச்சிருக்கேன்."

"உன் லேப்டாப்புதான் புதுசாச்சே, பொறவு எதுக்கு?"

"என்னைக்காவது உனக்கு ஆகும்னுதான்." சொல்லிக்கிட்டே யாருக்கோ ரூம் சாவிய நீட்டுனா.

சாஜிதா திரையப் பாக்குத மாதிரி குனிஞ்சுக்கிட்டா.

மூணு அடிக்கப் போகுது. திரை விழிச்சு, பாஸ்வேர்டு கேட்டுச்சு.

"என்னட்டி பாஸ்வேர்டு?"

"நீ வச்சதுதான். மாத்தல."

தினமும் திறக்கையில எல்லாம் வேல்விழி அதத்தான் அடிச்சிருக்கா. சாஜிதாவுக்குக் கண்ணு முட்டிட்டு. "ஏன்ட்டி மாத்தல?"

"சோம்பேறித்தனம்தான்," வேல்விழி சிரிச்சா. "அடி, நேரமாகுது."

சாஜிதா ஒவ்வொரு எழுத்தா அடிச்சா. திறந்துட்டு.

மூணு மணிக்கு வீடியோ கால்ல வந்த கம்பெனிக்காரர் அவ திரையக் கொஞ்ச நேரம் பாத்தாரு. "சுத்தமா இருக்கே. நீங்களே கட்டினதா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். வேலையும் கையில வந்த மாதிரிதான்.

"இல்ல சார்," சாஜிதா சொன்னா. "என் பிரெண்டு வேல்விழி கட்டுனது. நான் பிரிச்சு மட்டுந்தான் போட்டேன்."