பாலகுரு குடித்த கதை

“ஐடி கார்டு இல்லாம உள்ள விட முடியாதுப்பா” என்று காவலாளி மறுபடியும் சொன்னதும், அருண்ராஜ் பைக்கைக் கல்லூரி வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினான். பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது.

“எங்க அக்கா பொண்ணு உள்ள கீது. அதோட அப்பன் காலைல செத்துட்டாரு. இருட்டறதுக்குள்ள எடுக்கணும், அத இட்டுகினு போவணும். இதுக்கு இன்னா கார்டு ஓணும் உனக்கு?”

காவலாளி வழிவிட்டார். சாவுக்கு மட்டும் அந்தக் கல்லூரியில் அடையாள அட்டை தேவையில்லை போலிருக்கிறது.

அருண்ராஜின் மச்சான் பாலகுரு விடியற்காலையில் கடலிலிருந்து வந்து, கோவளத்துக் குப்பத்தில் வலையை இறக்கிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், உயிர் இல்லை என்று அங்கே சொல்லித் திரும்பி வருவதற்குள், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் நிஷாவை விழாவுக்கென்று வந்த கல்லூரிப் பேருந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவள் வந்து முகம் பார்க்காமல் யாரும் தூக்கக் கூடாது என்று அக்கா சரிதா சொல்லிவிட்டாள். இருட்டினால் எடுக்க முடியாது என்று பெரியவர்களும் சொல்லிவிட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் போன் போட்டால் ஒருவரும் எடுக்கவில்லை. குப்பத்துக்கு வந்தால் கையைவிட்டுப் போனை வைக்காத கூட்டம் அது.

சனிக்கிழமைதோறும் அவர்கள் வருவார்கள். வந்து பாடம் சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்கு மார்க் உண்டாம். சமுதாயக் கூடத்தில் கொஞ்ச நேரம் ஏபிசிடி, அப்புறம் நெடுநேரம் போட்டோ. மீன் வாடைக்கு மூக்கில் வைத்திருக்கும் கைக்குட்டை போட்டோவின்போது மட்டும் பைக்குள் போய்விடும். இப்படியே ஒரு வருஷத்தில் குப்பத்துப் பிள்ளைகளைக் கை தூக்கிவிட்டார்களாம். இன்று அதற்கு நிறைவு விழா.

அரங்கத்துக்குள் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. முன்வரிசையில் குப்பத்துப் பிள்ளைகள் மஞ்சள் பனியனில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு நெஞ்சிலும் ‘நாளைய நம்பிக்கை’ என்று அச்சடித்திருந்தது. நிஷாவை மட்டும் மேடையோரம் நிறுத்தியிருந்தார்கள். அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தாம்பரத்துப் பெண் ஸஹானா பட்டுப்புடவையில் அவள் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். அருண்ராஜ் ஸஹானாவைத் தனியே கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னான்.

ஸஹானா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. மை கலையாமல் அதை ஒற்றி எடுத்தாள்.

“ரொம்ப சாரி அண்ணா. ஆனா அடுத்த ஸ்பீச் நிஷாவோடதுதான். ரெண்டே நிமிஷம். இப்ப சொன்னா குழந்தை அப்செட் ஆயிடுவா, எல்லாம் மறந்துடுவா. சீஃப் கெஸ்ட் அவ பேசறதைக் கேக்கத்தான் வெயிட் பண்றார்.”

“அவ அப்பன் செத்துட்டார்னு சொல்றேன். நீ ஸ்பீச்சுன்ற.”

அதற்குள் ஒலிபெருக்கி நிஷாவின் பெயரைச் சொல்லிவிட்டது. அவள் படியேறிப் போய்விட்டாள். ஓடிப்போய் இழுத்துவரலாம்தான். இத்தனை பேர் எதிரில் மைக்குக்குப் பக்கத்தில் வைத்து அவளிடம் என்னவென்று சொல்வது? அருண்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

நிஷா கைகளைக் கட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள்.

“எனது தந்தை ஒரு குடிகாரர். தினமும் குடித்துவிட்டு வந்து எனது தாயை அடிப்பார். எனது புத்தகங்களைக் கிழிப்பார். ஸஹானா அக்கா வந்த பிறகுதான் எங்கள் குடிசையில் வெளிச்சம் வந்தது.”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சீஃப் கெஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பாலகுருவுக்கு வயிற்றுப் புண். பீர் வாசனைகூட ஆகாது. கல்யாண வீட்டில் எல்லாரும் குடிக்கும்போது அவர் கையில் கோலி சோடா இருக்கும், அதனாலேயே குப்பத்தில் அவருக்கு சோடா என்று பேர். புத்தகத்தைக் கிழிக்கும் அளவுக்கு அதன்மேல் அவருக்கு அக்கறையும் கிடையாது. வலை, சோறு, தூக்கம், அவ்வளவுதான். ஊர் மெச்சும்படி ஒன்றும் செய்தவர் இல்லை. ஆனால் குடித்தவரில்லை, பெண்டாட்டிமேல் கை நீட்டியவருமில்லை.

நிஷா இறங்கி வந்ததும் அருண்ராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். விழாவை நடத்திய பேராசிரியர் கஸ்தூரிரங்கன் அதற்குள் செய்தி தெரிந்து, முகத்தை அதற்கேற்றபடி மாற்றிக்கொண்டு ஓடிவந்தார். அருண்ராஜின் காதருகே குனிந்தார்.

“ரொம்ப வருத்தமா இருக்குப்பா. மேடையிலேயே ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்திடலாம். குழந்தையும் பக்கத்துல நின்னா நல்லா இருக்கும்.”

“காறித் துப்பணும்னு கீது சார். நேரமில்ல.”

கேளம்பாக்கம் வரும்வரை நிஷா பைக்கில் பேசவே இல்லை. எதற்குக் கூட்டிக்கொண்டு போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. சிக்னலில் நின்றபோது அவன் முதுகில் விரலால் குத்தினாள்.

“மாமா, நான் பேசினத அப்பாகிட்ட சொல்லிடாத.”

அருண்ராஜ் தலையைத் திருப்பினான்.

“எங்க அப்பா குடிக்க மாட்டாருன்னு நான் சொன்னேன் மாமா. குடிச்சாதான் கதை நல்லா இருக்கும்னு ஸஹானா அக்கா சொன்னாங்க. அம்மாவ அட்ச்சா இன்னும் நல்லா இருக்கும்னாங்க.”

“சொல்லல” என்றான்.

“சாமி சத்தியமா?”

“சத்தியமா சொல்ல மாட்டேன் கண்ணு.”

சிக்னல் விழுந்தது. சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லியிருக்கலாம், அவன் பைக்கைக் கிளப்பிவிட்டான். தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டபோது நிஷா அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்போது பைக்கை ஓரமாக நிறுத்தி, “அப்பா போய்ட்டாருடா” என்றான். அவள் அழவில்லை. வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

பாலகுருவைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கூட்டம் நிஷாவுக்கு வழிவிட்டது. சரிதா மகளை இழுத்து அணைத்துக்கொண்டு கதறினாள். சுற்றியிருந்த பெண்கள் நிஷாவைத் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

“அப்பாகிட்ட எதுனா பேசுடி கண்ணு. இனிமே எப்ப பேசப்போற?”

அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தூக்குவதற்கு ஆட்கள் குனிந்த நேரம், பந்தலின் மூலையில் யாருடைய போனோ பேசியது. விழா வீடியோவை ஸஹானா குப்பத்துக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தாள். தெரியாமல் எவனோ அதைத் திறந்துவிட்டான். எனது தந்தை ஒரு குடிகாரர் என்று நிஷாவின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. சரிதா அழுகையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

நிஷா தாயைப் பார்க்கவில்லை. சட்டென்று குனிந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அப்பாவின் காதுகளை அழுத்திப் பொத்தினாள்.

“கைய எடும்மா, தூக்கணும்” என்றார் ஒரு பெரியவர்.

அவள் எடுக்கவில்லை. போனில் கைதட்டல் ஓயும்வரை எடுக்கவில்லை.