மூக்கில் கிளிப், முகத்தில் சிரிப்பு

தொழில் பல் வைத்தியம் என்றாலும், டைவிங் கிளப்பில் அவர் பெயர் கமாண்டர். விட்ட மூச்சையே சுத்தம் செய்து, ஆக்ஸிஜன் சேர்த்துத் திரும்பத் தரும் ரீபிரீதர் வாங்க மனைவியோடு கடைக்கு வந்திருந்தார். கடைக்காரர் வாய் திறக்குமுன் தானே பாடம் எடுத்தார். ஆக்ஸிஜன் சிலிண்டரின் திருகைத் திறந்து காட்டினார், மூடியும் காட்டினார். கூட வந்த கிளப் நண்பர்கள் பலமாகத் தலையாட்டினார்கள். பிறகு மூக்கில் கிளிப் போட்டு, வாய்க்குழாயைக் கவ்வி, நாற்காலியில் சாய்ந்தார். கடைக்காரர் அடுத்த மாடலை எடுக்க உள்ளே போனார்.

மீட்டரைப் பார்ப்பது மனைவியின் வேலை. ஆக்ஸிஜன் அளவு மளமளவென்று இறங்கி, அலாரம் அலறியது.

"என்னங்க, மூடின திருகைத் திரும்பத் திறக்கவே இல்லையே!"

கமாண்டர் அவளைக் கையமர்த்திவிட்டு, எல்லாம் சரி என்று விரலால் வட்டம் போட்டார். கரியமில வாயுவைக் கருவி வடிகட்டிவிட்டதால் அவருக்கு மூச்சு முட்டவே இல்லை. உதடு மட்டும் நீலம் பாரித்தது; முகத்தில் மேடைச் சிரிப்பு. நாலு பேர் முன்னால் அவரை மறுத்தால் வீட்டில் வாரக்கணக்கில் மௌனவிரதம். அவள் கை தயங்கியது. சிரித்தபடியே அவர் தலை சரிந்தது. வாய்க்குழாயைப் பிடுங்கி எறிந்தாள்.

மூச்சு வந்ததும் சீறினார். "அறிவிருக்கா? எவ்வளவு ஜம்முனு இருந்துச்சு தெரியுமா?"

"போய்ச் சேர்றப்பவும் ஜம்முனுதாங்க இருந்திருக்கும்."

கடைக்காரர் ஓடி வந்தார். கமாண்டர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "இது சும்மா கத்துதுப்பா. சத்தம் போடாத மாடல் இருக்கா?"

"இருக்கறதிலேயே பலமா கத்துறதைக் குடுங்கண்ணே," என்றாள் அவள். "தண்ணிக்கு அடியில என்னால கத்த முடியாது."