வேறு வண்டியின் இன்ஜின்

மூன்றாவது முறையும் வண்டி தேறவில்லை. புகைப் பரிசோதனை நிலையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பரிசோதகர் வந்த நடையிலேயே அது தெரிந்துவிட்டது. நல்ல சேதி சொல்ல வருகிறவர் அப்படிக் காலைத் தேய்த்துக்கொண்டு வரமாட்டார்.

"புதுசா கன்வெர்ட்டர் போட்டுட்டு வந்திருக்கீங்க, சரிம்மா. புகைகூட இப்ப பரவாயில்ல. ஆனா இன்ஜின் நம்பர் இடிக்குது."

"எங்க இடிக்குது?"

"இது இந்த வண்டியோட இன்ஜினே இல்ல. வண்டிய விட ஏழு வருஷம் பழசு. இந்த மாநிலத்துல வண்டிக்கு என்ன வயசோ அந்த வயசு இன்ஜின் இருக்கணும், இல்ல அதுக்கும் புதுசா இருக்கணும். பழசு ஏறக்கூடாது."

"நல்லாத்தான் ஓடுது."

"ஓடுது. யாரு இல்லன்னா?" அவர் தாளை நீட்டினார். "சிறப்புப் பரிசோதனை அதிகாரின்னு ஒருத்தர் இருக்காரு. மாத்திக் கட்டின வண்டிங்களுக்கெல்லாம் அவர் சொல்றதுதான் முடிவு. போய்ப் பாருங்க."

அவள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இடது கால் பிறந்ததிலிருந்தே சூம்பியது. வலது கால் அந்த அளவுக்கு மோசமில்லை, ஆனால் பிரேக்கை மிதிக்கத் தெம்பு போதாது. அவள் கைகளுக்கு மட்டும் குறையில்லை. பல் செட் செய்யும் கூடத்தில் இருபது வருடமாக மெழுகில் பல் பதிக்கிற கைகள்.

அந்தக் கூடம்தான் அவளை இங்கே இழுத்து வந்தது. பழைய ஊரில் இருந்த கிளையை மூடிவிட்டு, விருப்பமுள்ளவர்கள் எல்லை தாண்டி இங்கே வரலாம் என்றார்கள். வீட்டில் திரைச்சீலை தைக்கும் கணவருக்குத் தையல் மெஷின் இருக்கும் இடமே ஊர். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, அவர் பக்கத்து இருக்கையில் உட்கார, அவளே ஒன்பது மணி நேரம் ஓட்டி வந்தாள். பார்வை மங்கல் என்பதால் அவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்ததில்லை. பழைய மாநிலத்தில் வண்டி புகை விடுகிறதா புல்லாங்குழல் ஊதுகிறதா என்று யாரும் கேட்டதில்லை. இங்கே வெளி வண்டி எதுவானாலும் மூன்று மாதத்துக்குள் பரிசோதனையில் தேறிப் பதிவாக வேண்டும். இரண்டரை மாதம் ஓடிவிட்டது.

வண்டியைக் கட்டியவன் அவள் தம்பி. ஊரில் எல்லோருக்கும் அவன் 'ஸ்பேனர்'. அக்காளுக்கு வேலை நிரந்தரமானபோது பழைய கார் ஒன்றைப் பிடித்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கைப்பிடி லீவர் ஒன்றைப் பொருத்தினான். தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். இரண்டு வருடத்தில் இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, எங்கோ கிடந்த பெரிய இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்து, நாலு மாதம் ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்து பொருத்தினான். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் அதோடு ஒத்துவராமல் போகவே வெட்டி எறிந்துவிட்டு நேர்க் குழாயை வெல்டிங் வைத்தான். "அக்கா, மேட்டுல சும்மா அள்ளிக்கிட்டுப் போகும் பாரு" என்றான். அள்ளிக்கொண்டுதான் போனது. அவள் வீடு திரும்புவது மூன்று தெருவுக்கு முன்பே எல்லோருக்கும் கேட்டது.

கூடத்தில் பக்கத்து மேஜைக்காரர் ஒரு வழி சொன்னார். ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் கேட்டால், தேறுகிற இன்ஜினாக ஒன்றை மாட்டிவிடுவார்கள். சான்றிதழ் வாங்கியதும் பழையதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். கணவருக்கு அது பிடித்திருந்தது.

"ஊரோட ஒத்து வாழணும்ல. எல்லாரும் செய்றதுதான?"

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ பரிசோதனை இருக்குங்க. ஒவ்வொரு தடவையும் இந்தக் கூத்தக் கட்டிக்கிட்டு அழணுமா? எனக்குத் தெம்பில்ல."

பொய் சொல்லக்கூடாது என்று அவள் நினைத்ததாகச் சொல்ல முடியாது. பொய்க்கும் பராமரிப்பு வேண்டியிருக்கிறதே என்ற அலுப்புதான்.

சிறப்புப் பரிசோதனை அதிகாரியின் இடம் ஒரு பழைய கிடங்கு. ஓய்வு பெறுகிற வயதில் இருந்த அவர், அவளைவிடக் களைத்துப்போன முகத்தோடு வந்து, பலகையில் படுத்து வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து லீவரைத் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார்.

"இது யாரு செஞ்சது?"

"என் தம்பி."

"எங்க படிச்சாரு?"

"அவனா? எட்டாவதுல நின்னுட்டான்."

"கடையில வாங்குறதுகூட இவ்வளவு மெத்துனு இருக்காது. இதுக்கு அஞ்சு நிமிஷத்துல கையெழுத்துப் போடுவேன்." அவர் கைகளைத் துணியில் துடைத்தார். "இன்ஜினுக்குத்தான் என்னால முடியாதும்மா. ஒண்ணு, சரியான இன்ஜின், அதோட குழாய், கம்பி, எல்லாம் மாத்தணும். இல்ல, வண்டிய எல்லை தாண்டி அனுப்பிடணும். மாசக் கடைசி வரைக்கும் தற்காலிக அனுமதி தர்றேன். வேற வண்டி வாங்கினா இந்த லீவர அதுல மாட்டிட்டு வாங்க. நானே பாத்துடறேன்."

அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்கு அழுகை வரவேண்டும். வரவில்லை. பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அது என்னவென்று புரிந்ததும், கூடவே குற்ற உணர்ச்சியும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சத்தம் அவளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. லீவர் வழியாக இன்ஜினின் அதிர்வு ஏறி, மாலையில் வலது தோள் மரத்துப்போகும். வேலை முடிந்து தலைவலியோடுதான் இறங்குவாள். தம்பி கேட்டபோதெல்லாம் "சூப்பரா இருக்குடா" என்றே ஒன்பது வருடம் சொல்லி வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவனைப் போனில் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் தம்பி கடைசிவரை கேட்டுக்கொண்டான்.

"அந்த ஆளுக்கு வண்டின்னா என்னன்னு தெரியுமாக்கா?"

"தெரியும்டா. உன் லீவர அப்படிப் புகழ்ந்தாரு."

"இன்ஜினப் பத்தி?"

"நம்பர் சரியில்லன்னாரு."

"நம்பரா ஓடுது? இன்ஜின்தான ஓடுது?" என்றான். பிறகு குரல் இறங்கியது. "சரி, விடு. சனிக்கிழம வர்றேன். மாமாவ ஒரு நல்ல வண்டியா பாத்து வைக்கச் சொல்லு. ஆட்டோமேட்டிக் கியரா இருக்கணும்."

மாமா பார்த்து வைத்தது, வாத்தியார் ஒருவர் ஓட்டிவிட்டு விற்ற சாம்பல் நிறச் சின்னக் கார். அதில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை, மெச்சிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்ட தம்பி, வாசலில் நின்று அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பெண் பார்க்கப் போய் ஏமாந்தவன்போல் இருந்தது அவன் முகம். சாப்பிட்டுவிட்டுப் படு என்றதற்கு, "படுத்தா எந்திரிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நேரே வேலையில் இறங்கினான்.

பழைய வண்டியின் கதவைத் திறந்து, காலை வெளியே நீட்டி, தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் கொடுத்துப் படுத்தான். அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவன் கழற்றிக் கொடுத்த திருகுகளை ஒரு கிண்ணத்தில் வாங்கிப் போட்டாள். முகம் தெரியாமல் கால் மட்டும் தெரிந்தது சௌகரியமாக இருந்ததோ என்னவோ, சொல்லிவிட்டாள்.

"எனக்கு அந்தச் சத்தம் கொஞ்சம் அதிகம்தான்டா."

உள்ளே ஸ்பேனர் நின்றது.

"எப்பத்துல இருந்து?"

"முதல் நாள்ல இருந்து."

"ஒன்பது வருஷமா சொல்லல."

"எப்படிச் சொல்றது? நாலு மாசம் கண்ணு முழிச்சுச் செஞ்ச."

அவன் மெல்ல நழுவி வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தான். நெற்றியில் கிரீஸ் கோடு. கோபமாகத் தெரியவில்லை. கணக்கில் தப்புப் பண்ணின பிள்ளை விடையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"சொல்லியிருந்தா ஒரு சாயங்காலத்துல முடிச்சிருப்பேனேக்கா. சைலன்சர்ல இன்னொரு பெட்டி, இன்ஜினுக்கு அடியில ரெண்டு ரப்பர். அவ்வளவுதான் வேல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு சாயங்காலம்! அதைக் கேட்க வாய் வராமல் ஒன்பது வருடம் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உனக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னு..."

"இருந்திருக்கும். ரெண்டு நாள் இருந்திருக்கும். இப்ப மட்டும் இல்லயா?" அவன் மறுபடி படுத்துக்கொண்டான். "அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர எடு."

ஞாயிறு மத்தியானத்துக்குள் லீவர் சாம்பல் காரில் ஏறிவிட்டது. தெருமுனை வரை அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். பிடி அவள் உள்ளங்கைக்குத் தாழ்வாக இருக்கிறது என்று திரும்பவும் கழற்றி, ஒரு விரல்கடை உயர்த்தி மாட்டினான். இந்தமுறை கேட்டான்: "உண்மையச் சொல்லு. எப்படி இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் என் பக்கமா வரணும்."

அவன் முனகிக்கொண்டே மூன்றாவது முறை கழற்றினான்.

தம்பி பழைய வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது மூன்று மணி. மாமா அவன் கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்தார். தெரு திரும்பி மறைந்த பிறகும் வண்டிச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. திங்கட்கிழமை சிறப்புப் பரிசோதனை அதிகாரி லீவரை இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பரிசோதனை நிலையத்தில் பத்து நிமிடத்தில் சான்றிதழ் வந்தது. யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. பின்னால் நின்ற வண்டிக்கு வழிவிடச் சொன்னார்கள்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தபோது போன் அடித்தது.

"அந்த இன்ஜின இறக்கிட்டேன்க்கா. ஒரு நெல் மிஷின்காரர் கேட்டாரு, ஏத்தி விட்டுட்டேன்" என்றான் தம்பி. "அப்புறம், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் லீவர் போல்ட்ட ஒரு தடவ இறுக்கணும். அங்க யாரையும் கை வைக்க விடாத. நான் வர்றேன்."

"அதுக்கு ஒன்பது மணி நேரம் பஸ்ஸுல வருவியா? ஒரு போல்ட்டுக்கா?"

"ஒரு போல்ட்டுக்குத்தான்."

சரி, வா என்றாள். போனை வைத்துவிட்டு, காலணியைக்கூடக் கழற்றாமல், தையல் மெஷினின் சத்தத்தைக் கேட்டபடியே உறங்கிப்போனாள்.