சந்தனம் காய்ந்த கத்தி

"வேலை செஞ்ச சாமானுக்குத்தானப்பா இன்னைக்கு லீவு? இதுங்க எதுக்கு வந்து உக்காந்திருக்கு?"

ஆயுத பூஜையன்று சிந்து கேட்டாள். அவளுக்கு எட்டு வயது. பூஜைப் பலகையில் அம்மாவின் அரிவாள்மனை, தையல் மிஷினின் கத்தரிக்கோல், கடையிலிருந்து வந்த டைல்ஸ் கட்டர் எல்லாம் பின்னால் ஒதுங்கியிருந்தன. முன்வரிசையில் அவள் அப்பா ராஜவேலின் இருபத்தாறு மடக்குக் கத்திகள் பளபளவென்று படுத்திருந்தன.

ராஜவேல் ஒரு கத்தியை நேராகத் திருப்பி வைத்தான். அவன் மனைவி புவனேஸ்வரிதான் பதில் சொன்னாள். "அதுங்க வருஷம் பூரா லீவுதான்டி. இன்னைக்காவது டப்பாவ விட்டு எந்திரிச்சு வந்துச்சேன்னு சந்தோஷப்படு."

ராஜவேல் பெரம்பலூர் துறைமங்கலத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தான். தினமும் ஒரு கத்தியை, கிளிப் வெளியே தெரியும்படி பேன்ட் பையில் செருகிக்கொண்டுதான் கடைக்குப் போவான். அதற்கு முன் மணிபர்ஸ், வாட்ச், சாவி, கத்தி நான்கையும் ஒரு கறுப்பு டைல்ஸின் மேல் பரப்பிப் படம் எடுத்து, தன்னைப் போன்ற நூற்றுப்பத்துப் பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவில் 'இன்றைய பாக்கெட்' என்று போடுவான். எந்தக் கத்தி எந்த எஃகு, திறந்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு எந்த நாட்டது எல்லாம் அவனுக்கு மனப்பாடம். பாத்ரூமுக்கு டைல்ஸ் பார்க்க வந்தவர்களிடம் கத்தியைத் திறந்து மூடி, "சத்தத்தக் கேளுங்க சார்" என்பான். அவர்களும் இரண்டடி தள்ளி நின்று கேட்பார்கள்.

வெட்டுவது மட்டும் கிடையாது. விரல் பட்டால் அலகில் ரேகை விழும். மாங்காயின் புளிப்பு ஆகவே ஆகாது. புதுக் கத்தி பார்சலில் வந்தால் அந்த அட்டைப்பெட்டியைக்கூட புவனேஸ்வரியின் காய்கறிக் கத்தியால்தான் பிரிப்பான். டேப்பின் பசை ஒட்டிக்கொள்ளுமாம். சோற்றை வடித்துப் பூட்டி வைத்துவிட்டு வாசனையை மட்டும் பேசிக்கொண்டிருப்பவனை எப்படிப் பார்ப்போமோ, தெருவில் அவனை அப்படித்தான் பார்த்தார்கள்.

பூஜைக்குக் கத்திகளுக்கெல்லாம் பொட்டு வைத்தான். கத்திக்கு நெற்றி எது என்று தெரியாததால், அலகு மடங்கும் மூட்டில் சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து அப்பினான். சாமி பொட்டைத் துடைக்கக் கூடாது என்று அப்படியே டப்பாவில் அடுக்கினான்.

ஐப்பசிக் கிருத்திகைக்குச் செட்டிகுளம் மலைக்கு மூவரும் பைக்கில் கிளம்பினார்கள். அன்று பேன்ட் பைக்குள் போனது, இருப்பதிலேயே விலை கூடிய கத்தி. மூடியபடி, பொட்டோடு படம் எடுத்து 'பக்தியும் பாக்கெட்டும்' என்று போட்டிருந்தான். பாராட்டு வந்து வழியெல்லாம் போன் சிணுங்கிக்கொண்டிருந்தது.

ஆலத்தூர் கேட்டைத் தாண்டியதும் தூறல் விழுந்தது. புவனேஸ்வரி முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். அதன் நுனி பின்சக்கரத்துக்குள் போனது. வண்டி சாய்ந்தது. முன்னால் இருந்த சிந்து புல்லில் விழுந்து எழுந்துவிட்டாள். புவனேஸ்வரியால் எழ முடியவில்லை. சேலை கழுத்தை இறுக்கி அவள் முகத்தைச் சக்கரத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தது. கண்கள் பிதுங்கின. குரல் வரவில்லை.

ராஜவேல் கத்தியை உருவினான். கட்டைவிரலால் தள்ளினான். அலகு அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். நகம் பெயர்ந்தது. பல்லால் கடித்து இழுத்தான். காய்ந்த சந்தனம்தான் வாயில் வந்தது.

"அப்பா, வெட்டுப்பா! வெட்டுப்பா!" சிந்து அலறினாள்.

சாலையோர வயற்காட்டில், குவித்து மூடியிருந்த வெங்காயப் பட்டறையைப் பிரித்து, சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை நறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி ஓடி வந்தாள். ரம்பத் தகட்டைத் தேய்த்து, சைக்கிள் ட்யூபைப் பிடியாகச் சுற்றிய கத்தி அவள் கையிலேயே இருந்தது.

"தள்ளுங்க சார்! வண்டிய அமுக்கிப் புடிங்க, சக்கரம் உருளக் கூடாது!"

கழுத்துக்கும் சேலைக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்து, கத்தியின் கூர்ப்பக்கத்தை வெளியே திருப்பி அறுத்தாள். கடைசி மடிப்பில் தகடு படக்கென்று ஒடிந்தது. சேலையும் கிழிந்தது. புவனேஸ்வரி இழுத்த மூச்சுக்குச் சிந்து ஓவென்று அழுதாள்.

"அழுவாத ஆயி. முருகன் வூட்டு வாசல்ல வந்து என்ன ஆயிடப் போவுது?" என்று தண்ணீர் கொடுத்தாள் அந்தப் பெண். பெயர் குஞ்சம்மாள் என்றாள். பிறகுதான் ராஜவேலின் கையைப் பார்த்தாள்.

"அது என்னா சார், சாவிக்கொத்தா?"

"ஆமாங்கம்மா," என்றான் ராஜவேல்.

அவன் பர்ஸை எடுத்ததும் அவள் கையைத் தட்டிவிட்டாள். "உண்டியல்ல போடுங்க. போங்க, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு அப்பறமா மலைக்குப் போங்க."

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒரு அங்குலம் மிஞ்சிய தகட்டால் ஒவ்வொரு வெங்காயத்தின் தாளையும் குடைந்து குடைந்து நறுக்கினாள். மற்றவர்கள் கூடை நிறைந்தது. அவள் கூடை நிறையவில்லை.

"அவங்களுக்குக் கத்தி இல்லப்பா," என்றாள் சிந்து.

அதற்கடுத்த நாள் காலையில் வாட்ஸ்அப் குழுவில் ராஜவேலின் படம் வரவில்லை. அவன் வெந்நீரும் பழைய டூத் பிரஷும் வைத்துக்கொண்டு அந்தக் கத்தியின் மூட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அது திறக்கப் பத்து மணியாயிற்று.

மதியம் பட்டறைக்குப் போனான். பெண்கள் தூரத்து மோட்டார் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குஞ்சம்மாளின் இடம் தெரிந்தது. கவிழ்த்த ஈயச்சட்டியின் மேல் ஒடிந்த கத்தி கிடந்தது. ராஜவேல் சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்து, தன் கத்தியைத் திறந்து ஒரு வெங்காயத்தின் தாளை நறுக்கினான். கோணலாக வந்தது. பத்தாவது வெங்காயம் நேராக வந்தது. கண் எரிந்தது. அலகெல்லாம் சாறும் மண்ணும் பூசிக்கொண்டன. பையில் போன் சிணுங்கியது. அவன் எடுக்கவில்லை. கூடை நிறையும்வரை நறுக்கினான்.

பிறகு ஒடிந்த கத்தியிலிருந்து, அவள் கைக்குப் பழகிய ட்யூபை உரித்துத் தன் கத்தியின் பிடியில் இறுக்கிச் சுற்றினான். எப்படித் திறப்பது என்று அவள் தேடக் கூடாதென்று, திறந்தபடியே சுற்றினான். இனி அது மடங்காது. அதை ஈயச்சட்டியின் மேல் வைத்துவிட்டு, கிளப்பினால் கொட்டகைக்குச் சத்தம் கேட்காத தூரம்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான்.