இன்னும் மூடாத மூலை

வீட்டுக்குப் பின்னால் டமாரென்று ஏதோ உருண்டது. துவைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள் சின்னவள்.

தகரப் பூவாளி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில், தரையோடு படர்ந்த பொடுதலைக் கொடிமேல் அப்பா குப்புற விழுந்திருந்தார். பஸ் பட்டறையில் இன்ஜின்களைப் புரட்டிப் போட்ட கை களைக்கொத்தை விடாமல் பிடித்திருந்தது.

"அம்மா! ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு! அண்ணனை வரச் சொல்லு!"

அவரைப் புரட்டித் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். உதடு கறுத்திருந்தது. கன்னத்தில் ஒரு சின்ன வெள்ளைப்பூ ஒட்டியிருந்தது.

"அப்பா, என்னைப் பாருங்கப்பா. ஏதாவது பேசுங்க."

அவர் கண் அவளைத் தாண்டிச் சுவரோரம் போனது.

"அந்த மூலை... இன்னும் மூடலை..."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இப்போதுமா?

புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு அவள் திரும்பி வந்தபோது இந்த மனுஷர் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாரும் தூங்கிய பிறகு மொட்டைமாடியே கதியென்று அவள் கிடந்தபோதும் கேட்கவில்லை. திடீரென்று ஒருநாள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையை உடைக்க ஆரம்பித்தார். மண்ணை ஆழமாய்க் கொத்தி, மக்கின இலையும் மரத்தூளும் கலந்து, பொடுதலைக் கொடியைக் கணுக்கணுவாய் நறுக்கி ஊன்றினார். வழுக்கை விழுந்த இடத்தில் மறுபடியும் ஊன்றினார். யாராவது காலை வைத்தால் போச்சு.

"மிதிச்சா மண்ணு இறுகிடும்!" பட்டறைக் குரல் தெருமுனை வரை கேட்கும்.

போதாததற்கு அந்த முட்டை வேறு. மாடிக்குப் போய் ஒரு முட்டையைக் கீழே போடுவார். இறங்கி வந்து குனிந்து பார்ப்பார். உடைந்திருந்தால் அந்த இடத்தை இன்னும் கொத்துவார்.

"அப்பா மாடியிலேர்ந்தே ஆம்லெட் போடக் கத்துக்கறாரு" என்பான் அண்ணன். அவள்கூடச் சிரித்திருக்கிறாள். அம்மா மட்டும் சிரிக்காமல் அடுத்த முட்டையை எடுத்துக் கொடுப்பாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு செடிமேலேயே ஓடி வந்தார்கள். அப்பாவின் கை லேசாக உயர்ந்தது.

"மிதிக்காதீங்க..."

"பெரியவரே, செடியா உசுரா?" என்றபடி ஒருவர் அவரைத் தூக்கினார்.

"அப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்களேன்!" சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

களைக்கொத்து நழுவி விழுந்தது. தூக்கியவர் அப்பாவின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு, வண்டியின் சைரனை நிறுத்தச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அண்ணன் பின்பக்கம் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"நாற்காலி போட இடமில்லை. இதை வெட்டித் தள்ளிட்டா நாலு பேர் உட்காரலாம். அப்புறம் பழையபடி சிமெண்ட் போட்டுக்கலாம்."

"வெட்ட வேணாம். நானே பிடுங்கறேன்."

மண்டியிட்டு உட்கார்ந்து கை நிறையப் பற்றி இழுத்தாள். சுலபத்தில் வரவில்லை. ஒவ்வொரு கணுவும் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. நகக்கண்ணில் மண் ஏற ஏற வெறியோடு பிய்த்துப் போட்டாள்.

"கடைசி மூச்சுலயும் இதுதானே... நான் யாரு உங்களுக்கு? நான் யாரு?"

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிய்ந்து கிடந்த கொடியிலிருந்து ஒரு கணுவை எடுத்தாள். மொட்டையாய்க் கிடந்த அந்த மூலையில் விரலால் குழி பறித்து ஊன்றி, மண்ணை அணைத்தாள். அப்புறம் நிமிர்ந்து, மூலைக்கு நேர்மேலே இருந்த மாடிக் கைப்பிடிச்சுவரைப் பார்த்தாள்.

"நீ அந்தச் சுவர்மேல ஏறி நின்னியே, அதுக்கு மறுநாள்தாண்டி அவர் கடப்பாரையை எடுத்தார்."